எதிர்ச்சுற்று

ஆகஸ்ட் 3, வியாழன்

உதை: 14

இது டைரி எழுதுவதற்காக எடுத்த டைரி அல்ல. செம்புக் கம்பி சப்ளை செய்பவர் பொங்கலுக்குக் கொடுத்தது. இத்தனை நாள் கடை மேஜையில் டீ கிளாஸுக்கு அடியில் கிடந்தது. இன்று டாக்டர் ஃபிலோமினா என் தங்கை வாணியிடம், எட்டாவது மாதம் வந்துவிட்டதால் தினமும் மதியம் சாப்பிட்டபின் இடது பக்கம் ஒருக்களித்துப் படுத்து, ஒரு மணி நேரத்தில் பிள்ளை எத்தனை முறை அசைகிறது என்று எண்ணி எழுதி வரச் சொன்னார். வாணி "சரிங்க டாக்டர்" என்றாள். அவள் சரி என்று சொன்னால் செய்யமாட்டாள் என்று அர்த்தம். பள்ளிக்கூடத்தில் அவளுடைய விஞ்ஞான ரெக்கார்டு நோட்டு முழுக்க நான் வரைந்த தவளைதான். ஆகவே எண்ணுவது அவள், எழுதுவது நான்.

அவள் வீட்டுக்காரர் தாமோதரன் போர்வெல் வண்டியோடு சத்தீஸ்கரில் இருக்கிறார். ஆயிரம் அடிக்குக் கீழே தண்ணீர் இருக்கிறதா என்று சொல்லிவிடுவார், போனுக்கு சிக்னல் எங்கே இருக்கிறது என்று மட்டும் தெரியாது. எங்கள் அப்பாவும் இல்லை. எல்லாம் என் தலையில்.

பக்கத்தில் இடம் மிச்சமிருப்பதால் மற்றதையும் எழுதுகிறேன். ஸ்கேனில் தொப்புள்கொடி பிள்ளையின் கழுத்தை ஒரு சுற்று சுற்றியிருக்கிறதாம். டாக்டர் அதை, வாசலில் செருப்பு கிடக்கிறது என்பதுபோலச் சொன்னார். பயப்பட ஒன்றுமில்லையாம். அம்மா மட்டும் வாணியைப் பார்க்காமல் என்னைப் பார்த்தாள். வெளியே வந்ததும் எனக்கு இளநீர் வாங்கிக் கொடுத்தாள். ரோட்டைக் கடக்கும்போது என் கையைப் பிடித்துக்கொண்டாள். எனக்கு முப்பத்தொன்பது வயது.

ஆகஸ்ட் 4, வெள்ளி

உதை: 9

விஷயம் புரிந்துவிட்டது. பக்கத்து லேத் பட்டறை மயில்சாமி அண்ணன் புரிய வைத்தார். கொடி சுற்றிப் பிறக்கும் பிள்ளை தாய்மாமனுக்கு ஆகாதாம். அவருடைய அக்கா மகன் அப்படித்தான் பிறந்தானாம். அதற்குப் பிறகு இவருக்கு முடி கொட்டியது, சம்சாரம் பொள்ளாச்சிக்குப் போய்த் திரும்பவில்லை, லேத்தில் மாதம் ஒரு பெல்ட் அறுகிறது.

அந்தப் பையன் இப்போது காலேஜ் மூன்றாம் வருஷம் படிக்கிறான், நீங்கள் உயிரோடுதானே இருக்கிறீர்கள் என்று கேட்டேன்.

"செத்திருந்தா ஒரே நாள்ல முடிஞ்சிருக்கும் நாச்சிமுத்து" என்றார்.

எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. இருபது வருஷமாக எரிந்த மோட்டாருக்குக் கம்பி சுற்றும் வைண்டிங் வேலை செய்கிறவன் நான். கரண்ட் எங்கே போகிறது, எங்கே வருகிறது என்று பார்த்துத்தான் எதையும் நம்புவேன். காலையிலிருந்து கழுத்து லேசாகப் பிடித்திருக்கிறது. தலையணை உயரம் அதிகம் என்று நினைக்கிறேன்.

ஆகஸ்ட் 6, ஞாயிறு

உதை: 17 (மதியம் கறிக்குழம்பு)

இன்று வீட்டில் விசாரணை. நீதிபதி அம்மா. கொடி ஏன் சுற்றியது? வளைகாப்பில் மூன்று மாலையை ஒன்றாகப் போட்டுக்கொண்டது முதல் குற்றம். தோட்டத்துத் தண்ணீர்க் குழாயைத் தாண்டியது இரண்டாவது. துப்பட்டாவைக் கழுத்தில் இரண்டு சுற்று சுற்றிக்கொண்டு வண்டியில் போனது மூன்றாவது. வாணி எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டு முறுக்கு தின்றுகொண்டிருந்தாள். நாலாவது குற்றத்தில் என் பெயர் வந்தது.

"வயித்துல புள்ளைய வெச்சுட்டு ஏழு மாசம் வரைக்கும் கடைல உக்காந்து கம்பி சுத்துனா, கொடி சுத்தாம என்ன கண்ணு பண்ணும்?" என்றாள் அம்மா.

வாணிதான் எங்கள் கடையில் முதல் தரமான கை. போனில் பேசிக்கொண்டே கம்பியைக் காயிலாகச் சுற்றுவாள், ஒரு காயிலுக்கு வேண்டிய அறுபத்தெட்டாவது சுற்றில் கை தானாக நின்றுவிடும். எண்ணிப் பார்த்தால் அறுபத்தெட்டுதான் இருக்கும். நான் எண்ணி எண்ணிச் சுற்றினாலும் அறுபத்தேழோ எழுபதோ வரும். கல்யாணமாகி ஈரோடு போனவள், வீட்டுக்காரர் வடக்கே போகும்போதெல்லாம் இங்கே வந்து கடையில் உட்கார்ந்துவிடுவாள். வேண்டாம் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். அவள் வந்தால் எனக்குப் பாதி வேலை குறையும் என்பதால் சொல்லவில்லை.

விசாரணை முடிந்ததும் அம்மா செல்லமுத்து மாமா படத்துக்கு விளக்கு வைத்தாள். அம்மாவின் ஒரே தம்பி. நான் கைக்குழந்தையாக இருந்தபோது கிணற்றில் விழுந்து போய்விட்டார். அதற்கு மேல் வீட்டில் யாரும் பேசுவதில்லை, நானும் கேட்டதில்லை. இன்று விளக்கு கொஞ்சம் அதிக நேரம் எரிந்தது.

ஆகஸ்ட் 9, புதன்

உதை: 12

டாக்டர் ஃபிலோமினாவின் ஆஸ்பத்திரி தண்ணீர் மோட்டார் நான் வைண்டிங் செய்தது. எப்படி ஓடுகிறது என்று பார்த்துவரப் போனேன். நன்றாக ஓடுகிறது. போனதுதான் போனோம் என்று டோக்கன் போட்டு நாற்பது பேருக்குப் பின்னால் உட்கார்ந்து டாக்டரையும் பார்த்தேன்.

கம்பி சுற்றியதால் கொடி சுற்றுமா என்று கேட்டேன். அவர் பேனாவை மூடி வைத்தார். கொடியின் நீளத்தைத் தாய் தீர்மானிப்பதில்லையாம், பெரும்பாலும் பிள்ளைதான் தீர்மானிக்கிறதாம். உள்ளே இடம் தாராளமாக இருக்கும்போது பிள்ளை எவ்வளவு ஆடுகிறதோ, இழுக்கிறதோ, அவ்வளவுக்குக் கொடி நீளும். சோம்பேறிப் பிள்ளைக்குக் குட்டைக் கொடி. துள்ளுகிற பிள்ளைக்கு நீளக் கொடி. நீளமாக இருந்தால் எங்காவது ஒரு சுற்று மாட்டத்தான் செய்யும். அப்படியென்றால் தாய்க்கு இதில் பங்கே இல்லையா என்றேன். உண்டு, தாய்க்குச் சர்க்கரை, பிரஷர், ரத்தசோகை, சிகரெட் இவையெல்லாம் இருந்தால் கொடியின் தடிமன் மாறும், அதில் ஓடும் ரத்தம் மாறும் என்றார். அதற்குத்தான் வாணிக்கு மாதாமாதம் ரத்தம் எடுக்கிறார்களாம்.

பிறகு ஒரு படம் வரைந்து காட்டினார். கொடிக்குள்ளே மூன்று குழாய். பிள்ளைக்குக் கொண்டுவருவது ஒன்று, திரும்பக் கொண்டுபோவது இரண்டு. மூன்றும் ஸ்பிரிங் போல முறுக்கிக்கொண்டு போகின்றன. சுற்றிலும் கெட்டியான ஜெல்லி, மடங்கினாலும் நசுங்காமல் இருக்க. நான் அசந்துபோனேன். மூன்று கம்பி, முறுக்கு, மேலே இன்சுலேஷன். நாங்கள் ஒரு மோட்டாருக்கு இரண்டு நாள் எடுத்துக்கொள்கிற வேலை. இந்தப் பிள்ளை ஆடிக்கொண்டே தனக்குத் தானே செய்துகொண்டிருக்கிறது.

கடைசியாக, சும்மா பொது அறிவுக்காக, மாமனுக்கு ஏதாவது ஆகுமா என்று கேட்டேன்.

"நாலஞ்சு பிள்ளைக்கு ஒண்ணு இப்படித்தாங்க பிறக்குது. நீங்க சொல்றது நிஜம்னா கோயம்புத்தூர்ல இன்னேரம் மாமன்களே இருக்கக் கூடாது" என்றார்.

மிகவும் தெளிவாகிவிட்டது. வரும் வழியில் ஹெல்மெட் வாங்கினேன். எப்படியும் வாங்க வேண்டியதுதான்.

ஆகஸ்ட் 11, வெள்ளி

உதை: 11

ஒரு யோசனை. சுற்றியது என்றால் அதைப் பிரிக்கவும் முடியும். மோட்டார் தப்பான பக்கம் சுற்றினால் நாங்கள் அதைக் குப்பையில் போடுவதில்லை. மூன்று பேஸ் கம்பியில் இரண்டை இடம் மாற்றிக் கொடுத்தால் திரும்பிச் சுற்றும். ஸ்கேன் படத்தைக் கடையில் கம்பியின் எனாமல் பூச்சைப் பார்க்கிற லென்ஸை வைத்து ஒன்றரை மணி நேரம் பார்த்தேன். கொடி கடிகாரச் சுற்றில் போயிருக்கிறது. ஆகவே வாணி எதிர்ச்சுற்றில் நடக்க வேண்டும். மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டியை மையமாக வைத்து, தினமும் நாற்பத்தெட்டு சுற்று.

வாணி என்னை நீண்ட நேரம் பார்த்தாள். டாக்டர் எப்படியும் நடக்கத்தான் சொல்லியிருக்கிறார், எந்தப் பக்கம் நடந்தால் என்ன என்று ஒப்புக்கொண்டாள். கூலியாக தினமும் சாயங்காலம் முக்குக் கடைக் காளான் ஒரு பிளேட். டாக்டர் கண்ணில் படாமல் வாங்கி வர வேண்டியது என் பொறுப்பு.

ஆகஸ்ட் 12, சனி

உதை: 15. சுற்று 48. காளான் 1.

ஆகஸ்ட் 13, ஞாயிறு

உதை: 8. சுற்று 48. காளான் 2. ஒன்று அம்மாவுக்கு. அம்மாவும் பின்னாலேயே நடக்கிறாள்.

ஆகஸ்ட் 17, வியாழன்

உதை: 16. சுற்று 48.

பிள்ளை சாயங்காலம் நன்றாகப் புரண்டதாம். யோசனை வேலை செய்கிறது. மயில்சாமி அண்ணனிடம் சொன்னேன். தனக்கு இருபது வருஷத்துக்கு முன்னால் யாரும் சொல்லவில்லையே என்று வருத்தப்பட்டார்.

ஆகஸ்ட் 24, வியாழன்

உதை: 13

ஸ்கேன். இரண்டு சுற்று.

நான் அந்தப் பெண்ணிடம், ஸ்கேன் எடுக்கிறவரிடம், படத்தைக் காட்டி இது எந்தப் பக்கமிருந்து பார்ப்பது என்று கேட்டேன். காலடியில் நின்று பார்ப்பது மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள், படத்தில் இடது பக்கம் தெரிவது உங்கள் தங்கையுடைய வலது பக்கம் என்றார். நான் மூன்று தடவை கேட்டேன். மூன்று தடவையும் அதையேதான் சொன்னார். அப்படியென்றால் நான் கடிகாரச் சுற்று என்று பார்த்ததுதான் எதிர்ச்சுற்று.

இருபது வருஷத்தில் ஒரு மோட்டாரைக்கூடத் தப்பான பக்கம் சுற்றியதில்லை. பதின்மூன்று நாள், தினம் நாற்பத்தெட்டு. இரண்டாவது சுற்றை நானே சுற்றிவிட்டேன்.

டாக்டர் சிரித்தார். வாணி எந்தப் பக்கம் நடந்தாலும் பிள்ளை தன் இஷ்டத்துக்குத்தான் திரும்பும், நாளைக்கே ஒரு சுற்று கழன்றாலும் கழலும் என்றார். நீங்கள் உதையை மட்டும் ஒழுங்காக எண்ணுங்கள், குறைந்தால் உடனே வாருங்கள், அது ஒன்றுதான் முக்கியம் என்றார். வாணியும் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஆகஸ்ட் 25, வெள்ளி

உதை: 10

அம்மா ஜோசியரிடம் போனாள். வண்டி ஓட்ட ஆள் வேண்டுமே என்று நானும் போனேன். கர்ப்பிணி இருக்கும் வீட்டில் நான் இருக்கக்கூடாதாம். பிள்ளை பிறந்து பதினாறாம் நாள், கிண்ணத்தில் நல்லெண்ணெய் ஊற்றி, அதில் தெரியும் முகத்தைத்தான் நான் முதலில் பார்க்க வேண்டுமாம். அதற்கு முன்னால் நேராகப் பார்த்தால் ஆபத்து. யாருக்கு என்று கேட்டேன். அவர் அம்மாவைப் பார்த்தார்.

கடையில் வேலை அதிகமாக இருப்பதால் சில நாள் கடையிலேயே தங்கலாம் என்று முடிவு செய்திருக்கிறேன். இதற்கும் ஜோசியருக்கும் சம்பந்தமில்லை. எல்.ஐ.சி. ஏஜெண்டும் தற்செயலாகத்தான் வந்தார்.

ஆகஸ்ட் 29, செவ்வாய்

உதை: 14 (போனில்)

கடையில் மூன்று மோட்டார்தான் இருக்கிறது. மூன்றையும் முடித்துவிட்டேன். முதல் மோட்டாரைப் பிரித்து மறுபடியும் வார்னிஷ் அடித்தேன். அம்மா தூக்குவாளியில் சோறு கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டுப் போகிறாள். வாணி போனில், எப்ப வருவீங்ணா, மாடியில் தனியாக நடக்கப் போரடிக்கிறது என்றாள். வேலை என்றேன்.

செப்டம்பர் 1, வெள்ளி

உதை:

வாணிக்குத் தெரிந்துவிட்டது. மயில்சாமி அண்ணன் எங்கள் வீட்டுக்குப் போய், உன் அண்ணனுக்கு ஒன்றும் ஆகாது, தைரியமாக இரு என்று அவளுக்கு ஆறுதல் சொல்லியிருக்கிறார். அவள் போன் செய்தாள். சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருக்கலாம்.

"ஏனுங்ணா, எம்புள்ளைக்குப் பயந்துட்டா கடைல போயி ஒளிஞ்சுட்டிருக்கறீங்?"

வேலை என்று ஆரம்பித்தேன்.

"எத்தனை மோட்டாருங்?"

மூன்று என்றேன்.

"மூணு மோட்டாரு எட்டு நாளா. சரிங்ணா. உங்க உசுரு பத்திரமுங். நாங்க ரெண்டு பேரும் பாத்துக்கறோம்" என்று வைத்துவிட்டாள்.

எட்டு வயதில் அவளுக்கு அம்மை போட்டபோது, அம்மா தடுத்தும் கேட்காமல் பக்கத்திலேயே உட்கார்ந்து வேப்பிலையால் விசிறியவன் நான். எனக்கும் அம்மை வந்தது. அதையும் சேர்த்துத்தான் அவள் சொல்லாமல் சொன்னாள் என்று நினைக்கிறேன். அந்த வயதில் எனக்குக் கழுத்தே வலித்ததில்லை.

செப்டம்பர் 2, சனி

உதை: 10. மெசேஜில் எண் மட்டும் வந்தது.

செப்டம்பர் 3, ஞாயிறு

உதை: 10.

செப்டம்பர் 4, திங்கள்

உதை: 10. 'சாப்டியா' என்று அனுப்பினேன். நீல டிக் விழுந்தது. பதில் இல்லை.

செப்டம்பர் 5, செவ்வாய்

உதை: 10. பிள்ளை நிதானத்துக்கு வந்துவிட்டது போல. நல்லது.

செப்டம்பர் 6, புதன்

உதை: 10.

செப்டம்பர் 7, வியாழன்

உதை: 10.

செப்டம்பர் 9, சனி

நேற்று எழுத முடியவில்லை. நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

வெள்ளிக்கிழமை மதியம் சூலூர்த் தோட்டக்காரர் ஒருவர் போர்வெல் மோட்டாரைத் தூக்கிக்கொண்டு வந்தார். புகைந்துவிட்டது. எப்படிங்க புகையும், மீட்டரில் முள் ஒரு வாரமாக எட்டு ஆம்பியரிலேயே ஆடாமல் அசையாமல் நின்றது, அவ்வளவு நன்றாக ஓடிக்கொண்டிருந்ததே என்று என்னிடம் சண்டைக்கு வந்தார். நான் சிரித்துவிட்டேன். ஓடுகிற மோட்டாரில் முள் ஆடும். ஆடாமல் நின்றால் மோட்டார் நன்றாக இருக்கிறது என்று அர்த்தமில்லை, மீட்டர் செத்துவிட்டது என்று அர்த்தம். இதை அவருக்கு விளக்கிக்கொண்டிருக்கும்போதே போனில் மெசேஜ் வந்தது. 10.

டைரியை எடுத்துப் பார்த்தேன். 14, 9, 17, 12, 11, 15, 8. பிறகு 10, 10, 10, 10, 10, 10. வாணிக்கு அறுபத்தெட்டு தெரியும். ஆனால் தினமும் சரியாகப் பத்தில் நிறுத்த பிள்ளைக்கு எண்ணத் தெரியாது.

தோட்டக்காரரைக் கடையிலேயே உட்கார வைத்துவிட்டு வண்டியை எடுத்தேன். ஹெல்மெட் போட்டேனா என்று நினைவில்லை.

வாணி கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். அம்மா என்னை வாசலிலேயே மறித்தாள். அம்மாவைச் சுற்றிக்கொண்டு உள்ளே போனேன். எந்தப் பக்கமாகச் சுற்றினேன் என்று கவனிக்கவில்லை.

"நெசமாலுமே எண்ணுனியா வாணி?" என்றேன்.

அவள் திரும்பிப் பார்த்தாள். அழுது முகம் வீங்கியிருந்தது. ஒரு வாரமாக எண்ணவில்லை, கோபத்தில் பத்து என்று போட்டுவிட்டேன் என்றாள். எப்போது கடைசியாக உதைத்தது என்று கேட்டேன். யோசித்தாள். யோசிக்க யோசிக்க அவள் கை வயிற்றுக்குப் போயிற்று.

கட்டிலோரம் தரையில் நான் உட்கார, இருவரும் எண்ண ஆரம்பித்தோம். அம்மா குளிர்ந்த தண்ணீர் கொடுத்தாள், சர்க்கரை கொடுத்தாள். இருபது நிமிஷத்தில் ஒன்றுதான், அதுவும் சந்தேகம். உடனே வாருங்கள் என்று டாக்டர் சொன்னது ஞாபகம் வந்தது. மிச்ச நாற்பது நிமிஷத்துக்காக உட்கார்ந்திருக்கவில்லை. மயில்சாமி அண்ணன் காரில் போனோம். அவர் வண்டி ஓட்டியபடியே உனக்கு ஒன்றும் ஆகாது என்று என்னிடம் சொல்லிக்கொண்டு வந்தார். வாணி முதல் முறையாக அவரைப் பார்த்து, கொஞ்சம் பேசாம வாங்கண்ணா என்றாள்.

வயிற்றில் பெல்ட் கட்டி இதயத் துடிப்பை ஒரு மெஷினில் பார்த்தார்கள். காகிதத்தில் கோடு போய்க்கொண்டே இருந்தது, நடுநடுவே இறங்கி இறங்கி ஏறியது. லோடு தாங்காமல் திணறும் மோட்டாரின் சத்தம் எனக்குத் தெரியும். இதுவும் அதுதான். டாக்டர் அந்தக் காகிதத்தை ஒரு முறைதான் பார்த்தார். கழுத்துச் சுற்று பெரிய விஷயமில்லை, கொடி வேறு எங்கோ அமுங்குகிறது, இப்போதே ஆபரேஷன் செய்து எடுத்துவிடலாம் என்றார். கையெழுத்துப் போட ஆள் வேண்டும். தாமோதரன் போன் தொடர்பு எல்லைக்கு வெளியே இருந்தது.

பேனாவை வாங்கினேன். அம்மா என் மணிக்கட்டைப் பிடித்தாள். நான் போடுகிறேன், நீ அந்தப் பிள்ளை விஷயத்தில் கை வைக்காதே என்றாள். கையை விடுவித்துக்கொண்டேன். நான்தான் போட்டேன். நாச்சிமுத்து என்பதில் ஒரு எழுத்து விட்டுப்போயிற்று, ஏற்றுக்கொண்டார்கள்.

தியேட்டர் கதவு மூடும்போது வாணி, "இருப்பீங்களாண்ணா?" என்றாள். இருப்பேன் என்றேன். அவ்வளவு பயம் எனக்கு எப்போதும் வந்ததில்லை, அதில் ஒரு துளிகூட என் கழுத்தைப் பற்றியது அல்ல. இதை எழுதுவதில் வெட்கமில்லை.

இருபத்தைந்து நிமிஷம். அம்மா பெஞ்சில் உட்காராமல், கிண்ணமும் நல்லெண்ணெயும் வாங்கி வருகிறேன், எதற்கும் தயாராக இருக்கட்டும் என்று கிளம்பிப் போய்விட்டாள். அவள் போன இரண்டாவது நிமிஷம் கதவு திறந்தது. நர்ஸ் ஒரு துணி மூட்டையை நீட்டி, பொண்ணு, ரெண்டு கிலோ எழுநூறு, நல்லா இருக்கா, பிடிங்க என்றார். ஜோசியர் இதற்கு என்ன செய்ய வேண்டும் என்று சொல்லித் தரவில்லை. பிடித்துக்கொண்டேன். பார்த்துவிட்டேன். சிவந்து, சுருங்கி, பயங்கரக் கோபத்தோடு, மீட்டர் விஷயமாகச் சண்டைக்கு வந்த தோட்டக்காரரைப் போலவே இருந்தாள். நான் அழுதேன். இங்கே எல்லோருக்கும் இது வழக்கம்தான் என்றார் நர்ஸ்.

டாக்டர் வெளியே வந்து, வாணி நன்றாக இருக்கிறாள் என்று முதலில் சொன்னார். பிறகுதான் கேட்டேன், கொடி எவ்வளவு நீளம் என்று. எழுபத்தெட்டு சென்டிமீட்டராம். சாதாரணமாக ஐம்பது, அறுபதுதான் இருக்குமாம். நீளமாக இருந்ததால்தான் இரண்டு சுற்று போட்டும் இறுகாமல் தளர்வாக இருந்திருக்கிறது, அவள் உள்ளே போட்ட ஆட்டம் அவளுக்கே உதவியிருக்கிறது என்றார். இன்னும் ஒருநாள் விட்டிருந்தால் தெரியாது என்றும் சொன்னார். அதற்கு மேல் நான் கேட்கவில்லை.

அப்போது வராந்தாக் கோடியில் அம்மா வந்துகொண்டிருந்தாள், ஒரு கையில் எவர்சில்வர் கிண்ணம், மறுகையில் எண்ணெய் பாக்கெட். நான் சட்டென்று கண்ணை இறுக மூடிக்கொண்டேன். மூடிய கண்ணோடு, பிள்ளையைப் பிடித்துக்கொண்டு, வராந்தா நடுவில் நின்றேன். போகிற வருகிறவர்கள் நான் ஏதோ வேண்டுதல் செய்கிறேன் என்று நினைத்திருப்பார்கள்.

"பாத்துட்டியா சாமி?" என்றாள் அம்மா.

பொய் சொல்லத்தான் வாயெடுத்தேன். பிள்ளை முனகியது. "பாத்துட்டேம்மா" என்று கண்ணைத் திறந்தேன்.

அம்மா அப்படியே பெஞ்சில் உட்கார்ந்தாள். கிண்ணத்தை மடியில் வைத்துக்கொண்டு அழுதாள். அழுகையின் நடுவே சொன்னதைக் கோர்த்து எழுதுகிறேன். நானும் கொடி சுற்றித்தான் பிறந்தேனாம். இரண்டு சுற்று. செல்லமுத்து மாமா எண்ணெய் கிண்ணம் வரும்வரை காத்திருக்காமல் என்னை அள்ளித் தூக்கிக்கொண்டு தெரு முழுக்கக் காட்டினாராம். மூன்றாம் மாதம் கிணற்றில் விழுந்தார். முப்பத்தொன்பது வருஷமாக அந்த விளக்கை வைக்கிறவள் இதை ஒருநாளும் என்னிடம் சொன்னதில்லை. எனக்குத் தெரியக்கூடாது என்று ஊர் முழுக்க வாயடைத்து வைத்திருந்தாளாம்.

பிள்ளையை மறு கைக்கு மாற்றிக்கொண்டேன். பிறகு கேட்டேன்.

"அப்ப மாமனைக் கொன்னது நானாம்மா?"

அம்மா தலையை நிமிர்த்தினாள். அவளுக்கு அப்படிக் கோபம் வந்து நான் பார்த்ததே இல்லை.

"எவன்டா சொன்னது? நீ பச்சப்புள்ள, நீ என்ன பண்ணுவே? அவன் குடிச்சுப்போட்டுப் போயி கெணத்து மேட்டுல நின்னு, கால் தவறி உளுந்தான். உம்மேல பழி சொல்றவன் நாக்கு அழுகிப்போயிரும்."

"அப்ப இவ என்ன பண்ணுவாம்மா?" என்றேன்.

அம்மா பிள்ளையைப் பார்த்தாள். அப்போதுதான் முதல் முறையாகப் பார்த்தாள். பிறகு எண்ணெய் பாக்கெட்டைப் பல்லால் கடித்துத் திறந்து உள்ளங்கையில் ஊற்றி, எழுந்து வந்து என் உச்சியில் வைத்துத் தேய்த்தாள். தலை காஞ்சு கெடக்குது, ரெண்டு வாரமா எண்ணெய் கண்டிருக்காது என்றாள். எண்ணெய் என் காதோரம் வழிந்து ஆஸ்பத்திரித் தரையில் சொட்டியது. தரை துடைக்கிற ஆயா வந்து எங்கள் எல்லோரையும் திட்டினார்.

செப்டம்பர் 10, ஞாயிறு

தாமோதரன் மாப்பிள்ளை போனில் கிடைத்தார். விஷயம் முழுவதையும் சொன்னேன். அழுதார். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, கொடி எத்தனை அடிங்க மச்சான் என்று கேட்டார். இரண்டரை அடி என்றேன். அவ்வளவுதானா என்றார். அவர் தொழில் அப்படி. ரயில் ஏறிவிட்டார்.

மயில்சாமி அண்ணன் பிள்ளையைப் பார்க்க வந்தார். சூலூர்த் தோட்டக்காரர் வெள்ளிக்கிழமை சாயங்காலம் வரை கடையில் காத்திருந்து, என் மூன்று மோட்டாருக்கும் காவல் இருந்துவிட்டுப் போனதாகச் சொன்னார். நாளை அவருடையதுதான் முதல் வேலை. அண்ணன் இரவு பொள்ளாச்சியில் இருக்கும் சம்சாரத்துக்குப் போன் செய்யப் போகிறாராம். பதினேழு வருஷமாகச் செய்யவில்லையாம், மருமகன் மேல் பழியைப் போட்டுவிட்டுச் சும்மா இருந்துவிட்டேன் என்றார்.

வாணி எழுந்து உட்கார்ந்துவிட்டாள். தையல் வலிக்கும் என்று சிரிக்காமல் இருக்கப் பார்க்கிறாள், என் தலையில் இன்னும் எண்ணெய் வடிவதைப் பார்த்து முடியவில்லை. பத்து பத்தாகப் போட்டதற்கு மன்னிச்சுக்கங்ணா என்றாள். மூன்று மோட்டாருக்கு நானும் மன்னிப்புக் கேட்டேன். பிள்ளையை என் மடியில் கிடத்தினாள், முகத்தைக் கிட்டே பார்க்கக் குனிந்தேன். மாமனைப் பார்த்த மாத்திரத்தில் அது காலை உதறியது.

உதை: 1 (என் மூக்கில்).

இனி எண்ண வேண்டாம் என்கிறாள் வாணி. டைரியில் டிசம்பர் வரை பக்கம் இருக்கிறது.